விஷயம் தெரிந்தவர்கள் வாங்கும் கார்

சாவியைத் திருப்பினார். ‘டிக்’ என்றது. மறுபடி திருப்பினார். இந்தத் தடவை அந்த ‘டிக்’கும் வரவில்லை.

மாலை ஐந்தரை மணி, அலுவலகம் விடும் நேரம். லிஃப்ட் கம்பெனியின் கிளை அலுவலகத்து வாசலில், படிக்கட்டுக்கு நேர் எதிரே, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரிதான் உதவி மேலாளர் தன் காரை நிறுத்துவார். நீளமான கறுப்புக் கார். தோல் இருக்கை, மரம் பதித்த முன்பலகை, பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படிக்கத் தனியாக ஒரு குட்டி விளக்கு. ஒரு காலத்தில் டைரக்டர்கள் போய்வந்த ஜாதி வண்டி. பதினான்கு வயதாகிவிட்டதால், புதுச் சின்னக் கார் ஒன்றின் பாதி விலைக்கு வந்து சேர்ந்தது. எட்டு மாதம் ஆகிறது.

“பேருக்காக வாங்குறவன் வேற வண்டிக்குப் போவான். விஷயம் தெரிஞ்சவன்தான் இதுக்கு வருவான்” என்று தரகர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் விழுந்தவர், இன்னும் எழுந்திருக்கவில்லை. அலுவலகத்துக்கே வந்து எல்லாரிடமும் கேட்டுப் பார்த்த தரகருக்கு வேறு யாரும் பிடிகொடுக்கவில்லை. ஒரு பெரிய இடத்துக் கொட்டகையில் உறை போட்டு வைத்திருந்த வண்டி என்றார். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் யாரோ ஓர் அம்மாளின் பெயர் இருந்தது. வலப்பக்கப் பின்கதவு வெளியிலிருந்து திறக்காது என்பது மட்டும் வாங்கிய மறுநாள் தெரிந்தது.

மேலேயிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. லிஃப்ட் விற்கும் அலுவலகம்தான். ஆனால் உதவி மேலாளர் இங்கே மாற்றலாகி வந்த நாள் முதல், நாலு வருஷமாக, அங்கிருந்த லிஃப்ட்டில் ‘பராமரிப்பு நடக்கிறது’ என்ற பலகை தொங்குவதால் எல்லாரும் படியில்தான் இறங்குவார்கள். முதலில் வந்தவர் மேலாளர்.

மேலாளர் இன்னும் இரண்டு மாதத்தில் ஓய்வு பெறுகிறார். தனக்குப் பின்னால் யார் என்று தலைமை அலுவலகத்துக்கு அவர் எழுதிக் கொடுக்கும் பெயர்தான் அடுத்த மேலாளர். அந்தப் பெயர் தன் பெயராக இருக்க வேண்டுமே என்றுதான் உதவி மேலாளர் இந்தக் காரையே வாங்கினார். பார்வைக்கு மேலாளராக இல்லாதவனை யாரும் மேலாளர் ஆக்குவதில்லை என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

“என்ன தம்பி, கிளம்பலையா?”

கார் கிளம்பவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. “ஒரு ஃபைல் பாக்கி இருக்கு சார். அதான் திரும்ப மேல போறேன்.”

மேலாளர் காரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். நல்லது என்று தலையாட்டிவிட்டு, கம்பெனி கொடுத்த காரில் டிரைவரோடு போய்விட்டார்.

உதவி மேலாளர் மூன்று மாடி ஏறி, ஏழு மணி வரை உட்கார்ந்திருந்து, பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் அலுவலகம் திறக்குமுன் வந்து பார்த்த மெக்கானிக்குக்கு எல்லாரும் டாக்டர் என்று பேர் வைத்திருந்தார்கள். அவர் எந்த வண்டியையும் தொடுவதற்கு முன்னால் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார். முன்மூடியைத் திறந்து, ஒரு கம்பியைச் செருகி, அரைமணி நேரம் நாடி பார்த்தார். பிறகு, வண்டியின் மூளை போய்விட்டது என்றார். உள்ளங்கை அளவுப் பெட்டிதான். வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். விலை ஒரு ஸ்கூட்டர்.

விலையைக் கேட்டதும் உதவி மேலாளருக்கு மனைவியின் முகம் ஞாபகம் வந்தது. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பறையில் இருப்பவள் அவள். வலியோடு வருகிறவர்களிடம் தொகையை மெல்லச் சொல்லிப் பழகிய குரல். அந்தக் காரின் செலவுகளை அவள் பணமாக நினைவு வைத்துக்கொள்வதே இல்லை. பிரேக் மாற்றியது அவள் கணக்கில் ஃப்ரிட்ஜ். நாலு டயர் வாஷிங் மெஷின். பழைய ஃப்ரிட்ஜ் ஒழுகும் போதெல்லாம், “புது ஃப்ரிட்ஜ் பிரேக்குக்குள்ள இருக்கு, எப்படியாவது வெளிய எடுங்க” என்பாள். போன மாதம் ஏசி சரிசெய்யக் கட்டில் மெத்தை போனபோது, ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டாள். இன்னும் ஒரு சாமான் அந்தக் காருக்குள் போனால், கார் வீட்டை விட்டுப் போகும்.

மேலாளர் ஆகிவிட்டால் சம்பளம் ஏறும், மூளையும் வாங்கலாம், மெத்தையும் வாங்கலாம். அதுவரை ஊருக்கும் வீட்டுக்கும் தெரியக்கூடாது. இழுவை வண்டி வந்தால் அலுவலகமே ஜன்னலில் நிற்கும். ஆகவே கார் நின்ற இடத்திலேயே நிற்பது என்று முடிவானது.

“நம்ம தெருவுல நிறுத்தினா கீறிடறாங்க. ஆபீஸ்ல காவல் இருக்கு, அங்கேயே விட்டுடறேன்” என்று மனைவியிடம் சொன்னார்.

பஸ்ஸில் இறங்குவதை யாரும் பார்க்கக்கூடாது. அதனால் எல்லாருக்கும் முன்னால், ஏழேகால் பஸ்ஸில் வந்தார். பஸ் ஏறுவதையும் யாரும் பார்க்கக்கூடாது. அதனால் எல்லாரும் போன பின் கிளம்பினார். நடுவில் செய்வதற்கு ஒன்றும் இல்லாததால், வேறு வழியில்லாமல் வேலை செய்தார். பழைய புகார்க் கடிதங்களுக்குப் பதில் போட்டார். ‘வந்தவை’, ‘அனுப்பியவை’ என்று எல்லாவற்றையும் அடுக்கினார். அவருக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

பத்தாவது நாள் சைக்கிள்காரர் வந்து நின்றார். விற்பனை அதிகாரி. உண்மையாகவே சைக்கிளில் வருகிறவர். அந்த வருஷம் கிளையில் விற்ற இரண்டு லிஃப்ட்டையும் விற்றது அவர்தான். மேலாளர் பதவிக்கு இன்னொரு பெயர் எழுத வேண்டுமென்றால் அது அவருடையது. வாயில் எதுவும் தங்காது என்பதுதான் அவரிடம் உள்ள குறை.

“சார், உங்க வண்டி ஓடுதா?”

“ஏன், ஓடாம?”

“இல்ல, டயருக்குக் கீழ எறும்பு வீடு கட்டியிருக்கு. ரெண்டு மாடி.”

அன்று மாலை எல்லாரும் போன பின், உதவி மேலாளர் காவலாளியைத் தனியாகக் கூப்பிட்டார். பதினெட்டு வருஷமாக அந்த வாசலில் இருப்பவர். வெள்ளிக்கிழமைதோறும் வாசல் பதிவேட்டை மேலே கொண்டுபோய் மேலாளரிடம் கையெழுத்து வாங்குவதைத் தவிர, யாரிடமும் அதிகம் பேச்சு வைத்துக்கொள்ளமாட்டார். உதவி மேலாளர் ஒரு டீ வாங்கிக் கொடுத்து விஷயத்தைச் சொன்னார். காவலாளி டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

இரண்டு பேரும் தள்ளினார்கள். கார் அசையவில்லை. கியர் பூட்டிக்கொண்டிருந்தது. உதவி மேலாளர் கார்ப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். காவலாளி உள்ளே தலையை விட்டு, கியருக்குப் பக்கத்தில் நகம் அளவே இருந்த ஒரு மூடியை நெம்பி, தன் சாவியால் உள்ளே ஓர் அழுத்து அழுத்தினார். கியர் வெண்ணெய் மாதிரி நழுவியது.

“இதெல்லாம் எப்படித் தெரியும்?”

“வாசல்ல நிக்கிறவனுக்கு எல்லாம் தெரியும் சார். தள்ளுங்க.”

முதல் நாள் நாலடி முன்னால். மறுநாள் நாலடி பின்னால். மூன்றாம் நாள் கொஞ்சம் கோணலாக. அவசரமாக வந்து நிறுத்தின மாதிரி இருக்கட்டும் என்று காவலாளிதான் சொன்னார். அந்த மனிதருடைய தொழில் பக்தியை உதவி மேலாளர் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

தினமும் தள்ளி இடுப்பு பிடித்துக்கொண்டதும், தானே சரிசெய்துவிடலாம் என்று அவருக்கு ஒரு துணிச்சல் வந்தது. பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிஷம் கழித்து மாட்டினால் மூளை தெளிந்துவிடும் என்று ஃபோனில் ஒரு வீடியோவில் ஒருவன் சத்தியம் செய்தான். மதியம் எல்லாரும் சாப்பிடும் நேரம் பார்த்துக் கழற்றி மாட்டினார். மூளை தெளியவில்லை. ஆனால் நாலு கண்ணாடியும் தாமாகவே இறங்கின. இறங்கியதோடு சரி, ஏறவில்லை. கூடவே ஊளையிட்ட அலாரம், மூன்று மாடி ஜன்னல்களிலும் தலைகள் முளைத்த பிறகுதான் நின்றது.

திறந்து கிடக்கும் காருக்கு ஒரு காரணம் வேண்டும். மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டை அதிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். ஏசி உடம்புக்கு ஆகாது, இயற்கைக் காற்றுதான் நல்லது என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னார். அந்த வாரமே டைப்பிஸ்ட் அம்மாள் அறையில் ஏசியை நிறுத்திவிட்டாள்.

அப்புறம் மழை வந்தது. புது லிஃப்ட் சுற்றி வந்த பெரிய தார்ப்பாய் ஒன்றைக் காவலாளி எங்கிருந்தோ கொண்டுவந்து காரின்மேல் போர்த்தினார். அதில் கம்பெனியின் பெயர் ஆள் உயர எழுத்தில் இருந்தது. காலையில் மேலாளர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். உதவி மேலாளர் வேகமாகப் படியிறங்கி வந்தார்.

“சொந்த வண்டியில கம்பெனிக்கு விளம்பரம்” என்றார் மேலாளர். “எல்லாருக்கும் தோணாது தம்பி.”

வீட்டில் நிலைமை வேறு மாதிரி. துவைக்கப் போட்ட சட்டைப் பையிலிருந்து எடுத்த பஸ் டிக்கெட்டுகளை மனைவி மேஜைமேல் வரிசையாக வைத்திருந்தாள்.

“என்னங்க, இது பதினாறு டிக்கெட். வண்டியும் உங்ககூட பஸ்லதான் வருதா?”

பொய் சொல்லிச் சொல்லி அவருக்கே அலுத்துப்போயிருந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஸ்கூட்டர் விலை, எறும்பு, தார்ப்பாய், எல்லாம். சொல்லி முடித்துத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

அவள் டிக்கெட்டுகளை ஒன்றாகச் சேர்த்து அடுக்கினாள். “பெட்ரோல் போடல. டயர் தேயல. ஒரு மாசமா அது எதையும் கேட்கல” என்றாள். “வாங்கினதிலேயே இந்த மாசம்தாங்க நீங்க வண்டிய ஒழுங்கா வச்சிருக்கீங்க. சரி பண்ணிடாதீங்க.”

அந்த வாரமே ஒரு புதுக் கட்டில் மெத்தை வந்தது.

பதவிக்குப் பெயர் எழுத வேண்டிய நாளும் நெருங்கியது. அதற்கு முதல் நாள் மாலை, மேலாளரின் டிரைவர் லீவு. மேலாளர் நேரே உதவி மேலாளரின் மேஜைக்கு வந்தார்.

“தம்பி, இன்னிக்கு உங்க வண்டியிலேயே வந்துடறேன். கீழ இருக்கேன், வாங்க.”

உதவி மேலாளர் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார். மழை இல்லாததால் தார்ப்பாயை எடுத்து வைத்திருந்தார்கள். மேலாளர் காரை நெருங்கினார். கிட்டத்தில் இருந்தது வலப்பக்கக் கதவு. அதைத் தொடாமல், காரைச் சுற்றிக்கொண்டு போய், இடப்பக்கப் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தார். தலைக்குமேல் அந்தக் குட்டி விளக்கைத் தட்டிவிட்டு பேப்பர் படிக்கத் தொடங்கினார். நல்லவேளை, பேட்டரியில் அதற்கு மட்டும் உயிர் இருந்தது.

உதவி மேலாளர் கீழே போகவே இல்லை. ‘தலைமை அலுவலகத்துக்கு அவசர அறிக்கை, முடிக்காமல் எழ முடியாது, மன்னிக்கவும்’ என்று காவலாளியிடம் சீட்டு கொடுத்தனுப்பினார். மேலாளர் முக்கால் மணி நேரம் பேப்பர் படித்தார். பிறகு தானே ஒரு வாடகைக் கார் பிடித்துப் போய்விட்டார். எல்லாம் போயிற்று என்று உதவி மேலாளர் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டார். இத்தனை மாதம், ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு வாஷிங் மெஷின், எல்லாம் ஒரு மாலையில் கரைந்துவிட்டது என்று அழுகை அழுகையாக வந்தது.

பத்து நாளில் உத்தரவு வந்தது. அடுத்த மேலாளர் அவர்தான்.

சைக்கிள்காரர் வந்து கைகொடுத்தார். தனக்குத் தர மாட்டார்கள் என்று முன்பே தெரியும் என்றார். போன வருஷம் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர்களிடம், நம் லிஃப்ட் வருஷக்கணக்காக ஏறவில்லை என்று உள்ளதைச் சொல்லிவிட்டாராம். அதிலிருந்து மேலாளர் அவரோடு டீ குடிப்பதில்லை.

கடைசி நாளன்று மேலாளர் ஓர் இரும்பு அலமாரியின் சாவியைக் கையில் கொடுத்து, முதுகில் தட்டி, நீங்கள் சமாளித்துவிடுவீர்கள் தம்பி, எனக்குக் கவலையே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

புது மேலாளர் அலமாரியைத் திறந்தார். உள்ளே ஒன்பது வருஷத்து மாதாந்திர அறிக்கைகள். ஒவ்வொன்றிலும் அதே பதினொரு வாடிக்கையாளர்கள். ஒரு மாதம் ‘விசாரணை’, அடுத்த மாதம் ‘அளவெடுப்பு’, அதற்கடுத்த மாதம் ‘விலை பேசப்படுகிறது’. கையெழுத்தாகும் கட்டம் வந்ததும், ‘வாடிக்கையாளர் மறுபரிசீலனை’. பிறகு பழையபடி ‘விசாரணை’. பதினொன்றில் மூன்று கட்டடங்கள் இடிக்கப்பட்டே போய்விட்டன என்பது அவருக்கே தெரியும். கிளையில் சைக்கிள்காரர் விற்றதைத் தவிர வேறு எதுவும் நடக்கவில்லை. தலைமை அலுவலகத்தில் இதை யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை.

அவர் அலமாரியைச் சட்டென்று சாத்தினார். இவ்வளவு பெரிய ரகசியத்தை, காரைக் காட்டி ஏமாற்றிப் பதவி வாங்கின தன்னை நம்பி எப்படி விட்டுவிட்டுப் போனார் மனிதர்? விஷயம் தெரிந்தால் என்ன நினைப்பார்?

பாவம், அவருக்கு என் வண்டி ஓடாதது கடைசிவரை தெரியாது என்று கீழே வந்து காவலாளியிடம் சொன்னார். நாளைக்கே வண்டியைத் தரகரிடம் தள்ளிவிடப் போவதாகவும் சொன்னார்.

காவலாளி வழக்கம்போல டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

“ஓய்வு பெறும்போது நீங்களும் பத்திரமா இங்கயே யாருக்காவது வித்துக்கலாம் சார். பழைய மேலாளர் தன் வீட்டம்மா பேர்ல இருந்த இந்த வண்டியத் தரகர்கிட்ட கொடுக்கறப்ப என்கிட்ட சொன்னதே அதுதான், ‘இத வாங்கி, ஓடலன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லாம தினமும் எவன் தள்ளுறான்னு பாத்துச் சொல்லு, அவன் பேரத்தான் எழுதணும்’னு.”