ஆடித் தள்ளுபடிக்குக் காத்திருந்த காடு

ஒரு காட்டில் பாறைக்குப் பாறை சூரியத் தகடு பதித்திருந்தார்கள். பேட்டரியும் உண்டு. பகலில் பிடித்த வெயில் மறுநாள் விடியும்வரை தாங்கும். அதற்கு மேல் தாங்காது. ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால் காடே குளிரில் வெடவெடக்கும். தை பிறந்ததும் அதைச் சுத்தமாக மறந்துவிடுவார்கள். அந்தக் காட்டுக்கு ஞாபகசக்தி அவ்வளவுதான்.

மறக்க முடியாதவள் ஓர் ஆமை மட்டும். போன மழையில் அவள் மணலில் புதைத்த முட்டைகள் அத்தனையும் குளிரில் கெட்டுப்போயின. ஆமை அடைகாக்கும் ஜாதியில்லை; மணலின் சூட்டில்தான் குஞ்சு பொரிக்கவேண்டும். இந்த வருஷமும் வயிறு கனத்திருந்தது.

அப்போதுதான் எறும்புதின்னி ஒரு வழி கண்டுபிடித்தது. பெரிய குழி தோண்டி, மணல் நிரப்பி, கோடை முழுக்கத் தகட்டு மின்சாரத்தால் அதைக் காய்ச்சி மூடிவிட்டால், மழைக்காலம் முடியும்வரை சூடு ஆறாது. முதல் குழி சிங்கத்தின் குகைக்கு அடியில். அங்கே போய் முட்டையிட்டால் முட்டைக்குச் சூடு கிடைக்கும், ஆமைக்கு ஆயுள் கிடைக்காது.

ஆமை ஊர்ந்து போய்த் தனக்கொரு குழிக்கு விலை கேட்டாள்.

"ஒத்தைக் குழின்னா யானை விலைதான்க்கா. முதல் குழியையே தப்புத் தப்பா தோண்டித்தான் கத்துக்கிட்டேன். காடே சேர்ந்து வரிசையா தோண்டச் சொன்னா கை பழகிடும், செலவு தன்னால இறங்கிடும்" என்றது எறும்புதின்னி.

சங்கக் கூட்டத்தில் ஆமை இதைச் சொன்னாள். தலைவர் நரியார் கொட்டாவி விட்டார்.

"விலை இறங்கட்டும்மா, எல்லாரும் வாங்கிக்கலாம்."

"எல்லாரும் வாங்கினாத்தான் இறங்கும், தலைவரே."

"ஆடி வந்தா தள்ளுபடி வரப்போகுது. துடைப்பத்தையே நாங்க ஆடியிலதான் வாங்குவோம்" என்றது முயல். "ஆமைக்கே இவ்வளவு அவசரமா?"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. "ஆமை புகுந்த வீடே விளங்காது, திட்டமா விளங்கப்போகுது?" என்று குரங்கு வேறு எடுத்துக் கொடுத்தது.

மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டுப்பன்றிகள் எறும்புதின்னியை அழைத்துப் போய், யானை விலை கொடுத்து வரிசையாகக் குழி தோண்ட ஆரம்பித்தன. நம்மவர்கள் மலைமேல் ஏறி நின்று, "பன்னிப் புத்தி" என்று சிரித்துவிட்டு இறங்கினார்கள். அந்த மலையை ஏற ஆமைக்குக் கால் போதவில்லை.

ஆடி வந்தது. புதுக்குழியே தோண்டாத காட்டில் எதைத் தள்ளுபடி செய்வது? ஐப்பசியும் வந்தது. ஆமை ஒரு மேட்டில் முட்டையிட்டு, வழக்கமில்லாத வழக்கமாக அதன்மேலேயே வயிற்றை அழுத்திக்கொண்டு கிடந்தாள். அவள் உடம்பே சில்லிட்டிருந்தது, முட்டைக்குக் கொடுக்கச் சூடேது? மழை விட்டபோது ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. பாவி மகள் அதன்பிறகும் கொஞ்சநாள் அங்கேயே கிடந்தாள்.

அடுத்த ஆடிக்குள் பன்றிகளுக்குக் கை நன்றாகப் பழகிவிட்டது. அடிமாட்டு விலைக்கு இந்தக் காட்டிலும் குழி தோண்டித் தந்தன. நரியாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

"அன்னைக்கு அவசரப்பட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டார் நரியார். பதில் சொல்லக்கூடிய ஒரே ஆளிடம் ரிப்பன் வெட்டச் சொல்லிக் கத்தரிக்கோலை நீட்டினார்.

ஆமை வாங்கவில்லை. தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அடக்கம்னா இதுதான்" என்றார் நரியார். காடே கைதட்டியது.

நீதி: பொறுத்தார் பூமி ஆள்வார். கெட்டது அடுத்தவள் முட்டையாக இருந்தால், பொறுப்பது இன்னும் சுலபம்.