என் பேரில் வேலைக்குப் போன சப்ளை

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே எந்தக் கம்பெனியிலாவது ஓர் ஆள் குறைந்தால், அது முதலாளிக்குத் தெரிவதற்கு முன்னால் சப்ளைக்குத் தெரிந்துவிடும். சில சமயம் குறையப்போகிற ஆளுக்கே தெரிவதற்கு முன்னால் தெரிந்துவிடும். "நாளைக்கு உனக்கு வவுறு சரியிருக்காது, மூஞ்சப் பாத்தாலே தெரியுது" என்று ஒருவனிடம் முதல் நாளே சொல்லிவிட்டு, அவன் இடத்துக்கு வேறொருவனைத் தேடக் கிளம்பிவிடுவார். மறுநாள் அவனுக்கு வயிறு சரியிருக்காது. பயத்திலோ, மரியாதையிலோ.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். பிள்ளைப்பாக்கம் முதல் சேரப்பணஞ்சேரி வரை அது யாருக்கும் தெரியாது. கம்பெனிகளுக்குத் தற்காலிக ஆள் அனுப்புகிற லேபர் கான்ட்ராக்டர், ஆகவே சப்ளை. இன்று இதே வேலையைக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், ஏசியில், கழுத்தில் அட்டை தொங்க உட்கார்ந்து செய்கிறார்கள். 1991இல் சப்ளையின் அலுவலகம் ஒரு மொபெட். சீட்டு அவருடைய அறை, கேரியர் பார்வையாளர் கூடம். கேரியரில் உட்காரச் சொன்னால் வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

இன்டர்வியூ பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நடக்கும். கேள்வியே கிடையாது. ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, நாம் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். சூட்டோடு மடக்கென்று குடிப்பவன் லைன் வேலைக்கு. ஊதி ஊதிக் குடிப்பவன் இன்ஸ்பெக்‌ஷனுக்கு. பாதி டீயில் பேச ஆரம்பிப்பவனை, யூனியன் இருக்கிற கம்பெனிப் பக்கமே விடமாட்டார். நான் அப்போதுதான் வரலாற்றில் பி.ஏ. முடித்து, மௌரியர்களும் சோழர்களும் எனக்கு எந்த வேலையும் போட்டுத் தரமாட்டார்கள் என்று கண்டுபிடித்திருந்தேன். கிளாஸை வெளிச்சத்தில் தூக்கி, அடியில் அழுக்கிருக்கிறதா என்று பார்த்தேன்.

"இவன் பாட்டில் கழுவுற கம்பெனிக்கு" என்று தீர்ப்பு வந்தது. "பேரு இன்னா?"

"சம்பத்து. பி.ஏ. ஹிஸ்டரி."

"ஏறு, இஸ்டரி."

வீட்டில் எனக்கு ஒரு கெடு இருந்தது. அப்பா ரிஜிஸ்டிரார் ஆபீசில் தலைமை குமாஸ்தா. பர்மனென்ட் என்ற சொல்லை சுவாமி பேரைச் சொல்வதுபோல் சொல்வார். "பொங்கலுக்குள்ள எங்கயாவது பர்மனென்ட் ஆகலேன்னா, திண்டிவனத்துல மாமா பாத்திரக் கடைக்குக் கிளம்பு. அவன் கல்லா பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு வெச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டார். அந்த ஸ்டூலை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்னால் அதில் உட்கார்ந்தவர் மாமாவின் தம்பி. இப்போது அவர் யாரைப் பார்த்தாலும் எவர்சில்வர் விலைதான் சொல்வார்.

ஆனால் சப்ளையிடம் சேர்ந்துவிட்டு பர்மனென்ட் ஆவது, ஓடுகிற பஸ்ஸில் கோலம் போடுகிற காரியம். தற்காலிக ஆளை நிறைய மாதம் தொடர்ந்து வைத்திருந்தால் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லிக் கேட்பான் என்று, கம்பெனிகள் நடுவில் 'பிரேக்' கொடுத்து வெளியே அனுப்பிவிடும். சப்ளை பிரேக் வரைக்கும் பொறுக்கமாட்டார். பிஸ்கட் கம்பெனியில் எனக்கு ஒரு சிநேகிதன் கிடைத்து, அவன் ஊரைக் கேட்பதற்குள் ரப்பர் கம்பெனிக்கு மாற்றினார். ரப்பர் நாற்றம் சட்டையைவிட்டுப் போவதற்குள் பெயின்ட் கம்பெனி. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மா மோப்பத்தில் சொல்லிவிடுவாள், இன்றைக்கு எந்தக் கம்பெனி என்று. தூக்கத்தில்கூட நான் ஷிப்ட் மாறிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, ஒரே எடத்துல விடுங்களேன்" என்று கெஞ்சினேன்.

"ஒரே எடத்துல வுட்டா துரு புடிச்சிக்கும் இஸ்டரி. ஏறு, ஜல்தி. பெயின்ட்டுல ரெண்டு ஆளு கம்மியா கீது."

ஆள்கணக்கு ஒன்றுதான் அவருடைய மதம். பத்து ஆள் என்று ஒரு கேட்டில் வாக்குக் கொடுத்தால், பத்து ஆள் உள்ளே போயாக வேண்டும். எந்தப் பத்து என்பது அப்புறம். ஒருமுறை பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை வழி கேட்டிருக்கிறார். "அந்த வூடுதான? வா, நானே கூட்டிகினு போறேன்" என்று ஏற்றிக்கொண்டுபோய் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் இறக்கிவிட்டார். சாயந்திரம் பெண் வீட்டார் பஜ்ஜித் தட்டோடு கேட்டுக்கே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை கம்பெனியில் வேலை பார்ப்பதைக் கண்ணாலேயே பார்த்ததால், சம்பந்தம் அங்கேயே நிச்சயமானது. கல்யாணச் சாப்பாட்டில் சப்ளைக்கு முதல் பந்தி.

யாருமே சிக்காத நாளில் தானே உள்ளே போய்விடுவார். அதற்காகவே எப்போதும் காக்கிச் சட்டையில் இருப்பார்.

மார்கழி பிறந்த சமயம், கார் விளக்கு செய்கிற ஒரு கம்பெனியில் என்னைப் போட்டிருந்தார். ஆச்சரியமாக, அங்கேயே விட்டும் வைத்திருந்தார். பேக்கிங் லைன் சூப்பர்வைசர் பெஞ்சமின் ஒரு நாள் என் காதில் சொன்னார்: "கோயம்புத்தூர்லேந்து புது மேனேஜர் வந்துகீறாரு. டெம்ப்ரவரில ஒர்த்தன பர்மனென்ட் பண்ணப் போறாங்கோ. ஒரு நாளு கூட லீவு போடாதவனாத்தான் பாப்பாரு. நீ லீவு கீவு போட்றாதே."

அன்று இரவே எனக்கு மெட்ராஸ் ஐ வந்தது. இரண்டு கண்ணும் கோவைப் பழம். கண் சிவந்தவனை வாட்ச்மேன் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். காலையில் சப்ளை வீட்டு வாசலில் ஹாரன் அடித்தார். நான் கண்ணைத் திறக்க முடியாமல் வெளியே வந்து, திண்டிவனத்துக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்டேன்.

"போத்திகினு படு" என்றார் தள்ளியே நின்று. "உன் பாஸ தூக்கிப் போடு. கிட்ட வராத, எனுக்கும் ஒட்டிக்கும்."

அந்தக் காலத்து கேட் பாஸில் போட்டோ கிடையாது, பெயர் மட்டும்தான். அன்று முதல் சப்ளை சம்பத்தானார். தன் மொபெட்டில் மற்றவர்களை ஒவ்வொரு கேட்டாக இறக்கிவிட்டு, கடைசியில் என் இடத்தில் போய் நின்றுகொள்வார். பெஞ்சமினுக்கு விஷயம் தெரியும். அவருக்கு வேண்டியது ஆள், முகமல்ல.

நான் கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருந்த நாட்களில் ஒன்றில் நல்ல மழை. கம்பெனி பஸ் வழியில் நின்றுவிட்டது. பாதி லைன் காலி, வெளியே லாரி நிற்கிறது. சப்ளை ஒரு மரப்பெட்டிமேல் ஏறி, காம்பவுண்டு சுவருக்கு வெளியே பார்த்து விசில் அடித்திருக்கிறார். மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர், கல்யாணப் பத்திரிகை வைக்கக் கிளம்பியவர், மழைக்கு ஒதுங்கிய சோடாக்காரர் என்று வரிசையாக உள்ளே வந்தார்கள். லாரி நேரத்துக்குக் கிளம்பியது. ஒரு பெட்டியில் விளக்கோடு கல்யாணப் பத்திரிகையும் போய்விட்டதால், பிறகு பம்பாயிலிருந்து வாழ்த்துக் கடிதம் வந்தது.

மேனேஜர் மாடி ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க பெஞ்சமின், அந்தாளு யாருங்க?"

பெஞ்சமின், "சம்பத்து சார்" என்றார்.

"இந்த மாதிரி ஒரு ஆளத்தான் நான் தேடிட்டு இருக்கறேன். அவர பர்மனென்ட் பண்ணீருங்க."

கண் தெளிந்து நான் வேலைக்குத் திரும்பிய காலையில் பெஞ்சமின் ஓடி வந்தார். உத்தரவு என் பெயரில் தயாராம். ஆனால் மேனேஜர் கையால் கொடுக்கக் கூப்பிடுகிறாராம். நானும், ஆட்களை இறக்க வந்த சப்ளையும், வியர்வையில் நனைந்த பெஞ்சமினும் மாடிக்குப் போனோம்.

"சம்பத்து வாங்க" என்றார் மேனேஜர், கையில் காகிதத்தோடு.

இரண்டு பேரும் முன்னால் போனோம். பழக்கதோஷம்.

மேனேஜர் எங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். பெஞ்சமின் சுவரைப் பார்த்துக்கொண்டே உண்மையைச் சொன்னார். எனக்குத் திண்டிவனத்து ஸ்டூல் கண்ணுக்குத் தெரிந்தது.

மேனேஜர் சப்ளையிடம் திரும்பினார். "பேரு எதா இருந்தா என்னங்க? நான் பாத்தது உங்களைத்தான். உங்க பேருல மாத்தி அடிச்சுத் தர்றேன். வர்றீங்களா?"

அப்போதுதான் நான் அவருடைய காக்கிச் சட்டையைச் சரியாகப் பார்த்தேன். கம்பெனிக்காரர்களுக்கு இடதுபக்கப் பையின்மேல் கம்பெனி முத்திரை தைத்திருக்கும். சப்ளையின் சட்டையில் அதே இடத்தில், அதே அளவில், நாலு பக்கமும் நூல் ஓட்டி வெறும் கட்டம் ஒன்று தைத்துவைத்திருந்தார். நடுவில் ஒன்றுமில்லை. எத்தனை வருஷமாக அது காலியாக இருந்ததோ. அவர் விரல் அந்தக் கட்டத்தின் விளிம்பை ஒரு சுற்று தடவி வந்தது. நான் வாயைத் திறக்கப்போனேன். என் காலை நறுக்கென்று மிதித்தார்.

"சம்பத்து இவன்தான் சார்" என்றார். "நானு இவனோட டெம்ப்ரவரி."

மேனேஜர் சிரித்தாரா, கோபித்தாரா என்று அந்த மீசைக்கு வெளியே தெரியவில்லை. உத்தரவை என் கையில் கொடுத்தார். இனிமேல் கான்ட்ராக்டர் அந்தக் கேட்டைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்றும் உத்தரவு போட்டார்.

சைக்கிள் ஸ்டாண்டு வரை அவர் பின்னாலேயே ஓடினேன். "ஏண்ணே இப்படிப் பண்ணீங்க?"

"நா உள்ள போய்க் குந்திகினா, பஸ் ஸ்டாண்டுல நிக்கிற பசங்கள எவன் ஏத்திகினு வருவான்? போ, போய் லைன்ல நில்லு. உன் எடம் காலியா கீது பாரு, எனுக்கு அது ஆவாது."

மொபெட் கிளம்ப மறுத்தது. புது பர்மனென்ட் ஊழியனாகிய நான் செய்த முதல் வேலை, அதை வாசல் வரை தள்ளிக்கொடுத்ததுதான். அவர் திரும்பிப் பார்க்காமல் ஒரகடம் ரோட்டில் போய்விட்டார். யாருக்கோ எங்கோ ஓர் ஆள் குறைந்திருக்க வேண்டும்.

அந்தக் கம்பெனியைவிட்டு நான் வந்து வெகுகாலம் ஆகிறது. இன்றும் கூட்டத்தில் யாராவது "சம்பத்து" என்று கூப்பிட்டால், உடனே திரும்புவதில்லை. அவர் முதலில் திரும்பட்டும் என்று ஒரு நொடி விட்டுவிட்டுத்தான் திரும்புகிறேன்.