புறாக்கூண்டு அனுமதியும் பூரண நலத் திட்டமும்

அரசாங்கம் ஒரு மனிதனின் உடம்பைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்துவிட்டால், அந்த மனிதன் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. கெய்ரோவில் டிராம் ஓட்டி ஓய்வுபெற்ற ஷலபிக்கு இது தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் புறா.

பாலைக்காற்றில் அவருடைய மொட்டைமாடிப் புறாக்கூண்டு சாய்ந்தது. பேட்டை நகராட்சி ஆட்கள் வந்து பிரித்துப் போட்டார்கள். புதிதாகக் கட்ட அனுமதி வேண்டும். அதுவரை புறாக்கள் வீட்டுக் கூடத்தில் குடியேறின. அதில் யாக்கூத் என்ற சாம்பல் புறா அவருக்கு உயிர். அது அவர் மனைவி தவ்ஹீதாவின் தலையணையைப் பிடித்துக்கொண்டது.

"இந்த வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்லே அதுங்க இருக்கணும். ஹஜ்ஜுப் பெருநாளுக்குள்ள முடிவு பண்ணுங்க," என்றாள் தவ்ஹீதா.

"நாளைக்குக் கையெழுத்து ஆயிடும்மா."

"உங்க நாளைக்கு வர்றதுக்குள்ள நான் மௌத்தாயிடுவேன்."

ஷலபி நகராட்சி அலுவலகத்துக்கு ஓடினார். உள்ளே தேநீர் வாசனையே இல்லை. வழக்கமாகக் காலையில் அனுமதி ஜன்னல் குமாஸ்தா மதாம் இனாயாத் கோப்புகளின் மேல் செய்தித்தாளை விரித்து, மொச்சை மசியலும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டு, சர்க்கரை தூக்கலாக ஒரு தேநீர் குடித்து, ஊர்வம்பு பேசி முடித்த கையோடு எதிரே எது இருந்தாலும் முத்திரை குத்திவிடுவார். விவரம் தெரிந்தவர்கள் அந்த நேரம் பார்த்துத்தான் போவார்கள். இன்று ஜன்னலில் வெள்ளரித் துண்டு மிதக்கும் வெந்நீர் இருந்தது. மதாம் கண்ணை மூடியிருந்தார்.

"மதாம், என் புறாக்கூண்டு..."

"ஷ்ஷ்! மூச்சு விட்டுக்கிட்டிருக்கேன்."

"நானும்தான் விடறேன் மதாம். அந்தக் கையெழுத்து..."

"நீங்க விடறது சும்மா மூச்சு, ஹாஜி. இது சுற்றறிக்கைப்படி விடற மூச்சு."

விஷயம் இதுதான். இயக்குநர் ரிஃபாத் பே செங்கடல் ஓரத்து ஹோட்டலில் ஒரு பயிற்சிக்குப் போய்வந்திருந்தார். போன இடத்தில் நன்றாகத் தூங்கியிருக்கிறார். வந்ததும் தேநீருக்கும் மொச்சை மசியலுக்கும் தடை போட்டு ஒரு சுற்றறிக்கை பிறந்தது. 'உடல், மனம், ஆன்மா ஆகிய மூன்றையும் அன்றாடப் பழக்கங்களின் வாயிலாக ஒருசேரப் பேணுதல் அனைத்து ஊழியர்களின் தலையாய கடமையாகும். மேற்படி மூன்றும் இசைந்த நிலையிலன்றி எந்த அதிகாரியும் கையொப்பமிடலாகாது.'

இயக்குநரின் உடல் பத்து மணிக்கு வரும். மனம் பதினொன்றுக்குப் பிறகு வரும். அதற்குள் ஆன்மா மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிடும். மூன்றும் ஒரே நாற்காலியில் சேர்ந்து உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை.

ஆகவே ஷலபியின் மனு, புதிதாக முளைத்த கீழ்த்தளத்து உடல் பிரிவுக்கும் உச்சிமாடி மனப் பிரிவுக்கும் கொல்லைக் கொட்டகையில் இயங்கிய ஆன்மப் பிரிவுக்குமாக அலைந்தது. கூடவே ஷலபியும் அலைந்தார். பல வருஷமாகக் கெட்டுக் கிடந்த லிஃப்டில், 'உங்கள் உடல்நலம் கருதி' என்று புதுப் பலகை தொங்கியது.

பெருநாளுக்கு ஒரு மாதம் இருந்தபோது, திட்டத்தின் பலனை அளக்க அமைச்சகத்திலிருந்து ஒரு டாக்டர் வந்தார். தேநீர் இல்லாமல் எல்லோருக்கும் தலைவலி. மொச்சை மசியலை இழுப்பறைக்குள் ஒளித்து அவசர அவசரமாக விழுங்கியதில் எல்லோருக்கும் வாயு. மதாம் இனாயாத்தின் ரத்த அழுத்தத்தைப் பார்த்த டாக்டர் கருவியைத்தான் சந்தேகப்பட்டார்.

"இந்தக் கட்டடத்துல நல்லா இருக்கறவங்க யாருமே இல்லையா?"

அப்போது ஷலபி மூச்சு வாங்காமல் உச்சிமாடிக்கு வந்து சேர்ந்தார். டாக்டர் கையைப் பிடித்தார்.

"வாலிபப் பையன் நாடி! என்ன சாப்பிடறீங்க ஹாஜி?"

"வரிசையில நிக்கிறப்போ என்னத்தைச் சாப்பிடறது?"

"மனசை எப்படிப் பார்த்துக்கறீங்க?"

"எந்த ஜன்னல், எந்த முத்திரை, யாரு லீவு, அத்தனையும் மனப்பாடம்."

"ஆன்மா?"

"இங்க வந்தப்புறம் அல்லாஹ்வை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

ரிஃபாத் பே ஆனந்தத்தில் எழுந்தே நின்றுவிட்டார். "திட்டத்தோட வெற்றி கண்ணெதிர்ல நிக்குது! இவர் மனுவை முடிச்சு வெச்சா நடையை நிறுத்திடுவார். ஒரு பிரஜையோட ஆரோக்கியத்தை அழிக்க நமக்கு என்ன அதிகாரம் இருக்கு?"

மனுவை முடிக்காமல் அன்றே ஷலபியைப் பூரண நல ஆலோசகராக நியமித்தார்கள். நியமித்த பிறகு விதியைப் புரட்டினால், ஊழியர் தன் அலுவலகத்திலேயே மனுப் போடக்கூடாதாம். பழைய மனு ரத்தானது. ஷலபிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் நாற்காலியில் மெத்தை இருந்தது. ஆயுசு முழுக்க டிராமில் நின்றுகொண்டே ஓட்டிய மனிதர் அவர். உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததும் இழுப்பறையில் மொச்சை மசியல் சேர்ந்தது. தொப்பை போட்டது. கண்ணை மூடி மூச்சு விடவும் வந்துவிட்டது.

பெருநாளுக்கு முதல் நாள், ஒரு பெண்குரல் கேட்டது.

"ஐயா, புறாக்கூண்டு அனுமதிக்கு மனுக் கொண்டாந்திருக்கேன்."

ஷலபி கண்ணைத் திறக்கவில்லை. "மேல போங்கம்மா. படி ஏறுறது உடம்புக்கு நல்லது. வரிசையில நிக்கிறது மனசுக்கு நல்லது. நாளைக்கு மறுபடி வர்றது ஆன்மாவுக்கு நல்லது."

"அப்படியா? அப்ப இதுவும் மூணுக்கும் நல்லதுதான்."

மேஜைமேல் ஒரு பாத்திரம் இறங்கியது. மூடி திறந்ததும் வாசனை வந்தது. நெய், ஏலக்காய், வறுத்த பச்சைக் கோதுமை. ஷலபி கண்ணைத் திறந்தார். எதிரே தவ்ஹீதா நின்றாள். பாத்திரத்தில் கோதுமை அடைத்துப் பொரித்த புறாக்கள் வரிசையாக மல்லாந்திருந்தன.

"இதுல... யாக்கூத்தும் இருக்கா?"

"பேரைக் கேட்டுக்கிட்டா அறுத்தேன்? கூடத்தைப் பெருக்கியாச்சு. ஒருவேளை அனுமதி கிடைச்சா புதுசா வாங்கி விட்டுக்கலாம். இந்தாங்க மனு."

வாசனைக்கு மதாம் இனாயாத் கூப்பிடாமலே ரொட்டியோடு வந்தார். ஆன்மப் பிரிவு கொல்லையிலிருந்து ஓடிவந்தது. ரிஃபாத் பே மாடியிலிருந்து இறங்கி, ஒரு முழுப் புறாவைத் தீர்த்துவிட்டுக் கண்மூடி ஏப்பம் விட்டார். அந்தக் கணத்தில் அவருடைய உடல், மனம், ஆன்மா மூன்றும் ஒரே நாற்காலியில் வந்து சேர்ந்ததை அலுவலகமே பார்த்தது. சுற்றறிக்கை சொன்ன நிலை வாய்த்துவிட்டதால், எதிரே கிடந்த தவ்ஹீதாவின் மனுவில் நெய்க்கையோடு கையெழுத்துப் போட்டார்.

ஷலபி முன்னாலும் யாரோ ஒரு கால் துண்டை வைத்தார்கள். அவருக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே எடுத்து வாயில் வைத்தார். நன்றாகத்தான் இருந்தது.