ஒரு சொட்டுப் போதுமுங்க

தைல வைத்தியர் என்று ஓர் இனம் உண்டு. பட்டம் கிடையாது, பலகை கிடையாது, நோயாளி கூப்பிட வேண்டும் என்கிற அவசியமும் கிடையாது. ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் நின்று சும்மா ஒரு தும்மல் போட்டுப் பாருங்கள். தும்மி முடிப்பதற்குள் உங்கள் மூக்கடியில் ஒரு சின்னக் குப்பி நீளும். அதற்குப் பின்னால் ஆரோக்கியதாஸ் நிற்பார்.

எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனதும் வைத்தியம் வந்துவிட்டது. தலைவலியா, லாவெண்டர். மூட்டுவலியா, யூகலிப்டஸ். மருமகள் முகம் கொடுத்துப் பேசவில்லையா, தலையணையில் இரண்டு சொட்டு ஜெரேனியம் விடச் சொல்வார். யார் தலையணையில் என்று மட்டும் சொல்ல மாட்டார். பல்வலி என்றால் கேட்கவே வேண்டாம். கிராம்புத் தைலத்தில் பஞ்சை நனைத்து, உங்கள் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து, தன் கையாலேயே உள்ளே வைத்துவிட்டு, "டாக்டரு கிட்டப் போனா புடுங்கித்தான் போடுவாங்க. பூவுல இல்லாத மருந்தா? ஒரு சொட்டுப் போதுமுங்க" என்பார். மறுநாள் வீடு தேடி வந்து விசாரிக்கவும் செய்வார். வலி கேட்கவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல யாருக்கு மனசு வரும்? "இப்பப் பரவாயில்லீங்க" என்று வீங்கிய கன்னத்தோடு சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

அப்பேர்ப்பட்டவருக்கே போன மாதம் கடைவாய்ப் பல் வலித்தது.

என்ன செய்வார், பாவம்? முதல் நாள் ஒரு சொட்டு. இரண்டாம் நாள் ஐந்து. நான்காம் நாள் குப்பியே காலி. ஈறு வெந்து, கன்னம் பன் மாதிரி உப்பிவிட்டது. ஏற்காட்டிலேயே டாக்டரைப் பார்த்தால் சாயங்காலத்துக்குள் மலை முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அடுத்தவர் வாயைத் திறப்பது? மப்ளரை மூக்கு வரைக்கும் சுற்றிக்கொண்டு முதல் பஸ் ஏறினார். இருபது கொண்டை ஊசி வளைவிலும் கன்னத்தைப் பிடித்தபடியே இறங்கி, சேலத்தில் ஏதோ ஒரு சந்துக்குள், தன்னை யாருக்கும் தெரியாத பல் ஆஸ்பத்திரி ஒன்றைத் தேடிப் பிடித்து உள்ளே நுழைந்தார்.

பெஞ்சில் வெள்ளக்கடை கிராமத்து ராணி உட்கார்ந்திருந்தாள். போன வாரம்தான் அவரிடம் பஞ்சு வைத்துக்கொண்டவள். பக்கத்தில் செம்மநத்தத்து விவசாயி சித்தன். அவரை ஒட்டி பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்காரர். அத்தனை பேரும் இவர் கைபட்ட நோயாளிகள். அத்தனை பேர் கையும் கன்னத்தில் இருந்தது.

ராணிதான் பதறிப்போய் எழுந்தாள். "தப்பா நெனைச்சுக்காதீங்க ரைட்டரே. மலையிலயே காட்டுனா உங்க காதுக்கு வந்துரும், மனசு நொம்பச் சங்கடப்படுவீங்கன்னுதானுங்க எல்லாரும் இங்க வந்துர்றோம்."

ஆரோக்கியதாஸுக்கு வெட்கத்தில் காது சுட்டது. தான் குணப்படுத்தியவர்கள் என்று ஊரெல்லாம் பெயர் சொல்லித் திரிந்த கூட்டம் பாதி, இதோ இந்தப் பெஞ்சில்.

"நீங்க எதுக்குங்க வந்தீங்க?" என்றார் சித்தன், மப்ளரைப் பார்த்துக்கொண்டே.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பல்லும் பிழைத்திருக்கும், மலையும் பிழைத்திருக்கும்.

"சும்மா, உங்களையெல்லாம் பார்த்துட்டுப் போலாம்னுதானுங்க" என்று வாயின் ஒரு பக்கத்தால் சொன்னார். சொன்னதோடு திரும்பி, அடுத்த பஸ்ஸிலேயே மலையேறிவிட்டார். பல் இன்னும் அப்படியே இருக்கிறது, வலியோடு.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். கிராம்புத் தைலத்தோடு துளி உப்பும் சேர்த்திருந்தால் வலி நிச்சயம் கேட்டிருக்குமே என்று நடுவில் உங்களுக்குத் தோன்றியதா இல்லையா?