கத்தம் ஓதி முடிந்த உப தலைவர்

தேர்தலில் தோற்றவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். தானே தேடிப்பிடித்து நிறுத்திய துணை வேட்பாளருக்குப் பயந்து, வாக்கெடுப்புக்கு முன்பே கடலில் பாய்ந்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. சாய்ந்தமருதில் வேறு யாரிடமாவது கேட்டால், நான் கரையேறிய கோலத்திலிருந்துதான் கதையை ஆரம்பிப்பார்கள்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தில் வாப்பாவின் இடத்துக்கு அங்கத்தவனாக வந்து, அங்கத்தவர் பெயர் இடாப்பு எழுதும் வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கடலோடிகளின் சங்கத்தில் இருந்தேனே தவிர, முழங்காலுக்கு மேல் கடல்நீர் படாமல் வளர்ந்தவன். (பெல்பொட்டம் நனைந்துவிடும் என்ற கவலை.) இலங்கையிலே ஜனாதிபதி முறை புதிதாக வந்திருந்தது. எந்தச் சங்கத்துக்குத் தலைவர் தெரிவென்றாலும் ஊரில் அதை ஜனாதிபதித் தேர்தல் என்றே சொல்லித் திரிந்தார்கள். அந்தக் காய்ச்சல் எனக்கும் பிடித்தது. என்னைத் தூக்கி வளர்த்த வயதுடைய இஸ்மாயில் ஹாஜியாரை எதிர்த்துத் தலைவர் பதவிக்கு நிற்பதென்று முடிவு செய்தேன்.

அமெரிக்காவிலே ஜனாதிபதிக்கு நிற்பவர் தன்னிடம் என்ன குறையோ, அது நிறைய உள்ள ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டுதான் நிற்பார் என்று வானொலியில் கேட்டிருந்தேன். எங்கள் சங்கத்தில் அப்படி வழக்கமில்லை. தலைவருக்கு வேறாகவும் உப தலைவருக்கு வேறாகவும் கை உயர்த்துவார்கள். ஆனாலும் ஜோடியாக நிற்பது எடுப்பாக இருக்குமென்று எனக்குப் பட்டது. என் குறை கடல். ஆகவே ஊரில் யாருக்குக் கடல் அனுபவம் கூட என்று யோசித்தேன். ஊருக்கே அண்ணன் முறையான ஆதம்பாவா காக்காவின் ஞாபகம் வந்தது. அவர் ஏழு மாதம் கடலோடு போனவர், அதுவும் மௌத்தாகி, இறந்தவர் கணக்கில்.

எழுபத்தெட்டில் கிழக்குக் கரையைச் சூறாவளி அடித்த அன்று அவரும் இரண்டு கூட்டாளிகளும் கரை திரும்பும்போது, அலை உடைகிற இடத்துக்குச் சற்று அப்பால் தோணி கவிழ்ந்தது. வெறுந்தோணி மட்டும் கரையில் ஒதுங்கியது. ஒருவருடைய மையித்தும் கிடைக்கவில்லை. பள்ளியில் மூவருக்கும் உடல் இல்லாமலே காயிப் ஜனாஸா தொழுதார்கள். ஆதம்பாவா காக்காவுக்கு நாற்பதாம் நாள் கத்தம் ஓதி ஊருக்குச் சோறு கொடுத்தார்கள். நானும் போய்த் தின்றேன். (இரண்டு தரம். இறைச்சி நல்ல பதமாக இருந்தது.) மறுநாள் சங்கத்து இடாப்பைத் திறந்து, அவருடைய பெயரின் மேல் சிவப்பு மையால் கோடிழுத்து, பக்கத்தில் மௌத் என்று எழுதினேன். அவருடைய மனைவி விதவைக்குரிய இத்தாவும் இருந்து முடித்தார்.

ஏழாம் மாதம், காகம்கூடப் பறக்காத ஓர் உச்சி வெயிலில், அவர் கடற்கரை மணலில் வடக்கேயிருந்து நடந்து வந்தார். பலகையொன்றைப் பிடித்து மிதந்ததாகவும், கப்பலொன்று ஏற்றிப்போய்த் தூர தேசத்து ஆஸ்பத்திரியில் விட்டதாகவும் சொன்னார். கடுதாசியும் வைத்திருந்தார். எல்லோரும் வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஒருவரும் நம்பவில்லை. பள்ளியில் தொழுவிக்கும் லெவ்வை தேவையில்லை என்று சொல்லியும், எதற்கும் பேணுதலாக இருக்கட்டுமென்று பெண் வீட்டார் இன்னொரு தரம் நிக்காஹ் எழுதினார்கள். அந்த மனுஷி துணிந்தார், ஊர் துணியவில்லை. ஆதம்பாவா காக்காவோடு தோணியில் ஏற ஓர் ஆள் கிடைக்கவில்லை. தனியாளாக விடக்கூடிய தோணியும் இல்லை அது. ஒன்றரை வருடமாக மணலில் கவிழ்த்தபடி கிடந்தது. மனைவி பாய் இழைத்து வீட்டில் உலை வைத்தார்.

நான் போய்ச் சேர்ந்த நேரம் அவர் அந்தத் தோணியின் அடியைத் தடவிக்கொண்டிருந்தார். உப தலைவர் யோசனையைச் சொன்னேன். எதைக் கேட்டாலும் அவருக்குப் பதில் பிந்தித்தான் வரும், கீழே போய் யாரிடமோ கேட்டுக்கொண்டு வருகிற மாதிரி.

"எனக்குப் பதவி வேணாம் தம்பி. இவங்க எனக்குக் கைய உசத்தினா, நான் உசிரோட இரிக்கன் எண்டு ஒத்துக்கொண்ட மாதிரித்தானே? புறகு ஒருத்தனாவது என்ட தோணியில ஏறுவான். அதுக்காக வாறன்."

இந்தப் பேச்சு என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. அனுதாப வாக்கு எத்தனை விழும் என்று அங்கே கணக்குப் போய்க்கொண்டிருந்தது. இடாப்பின் கடைசிப் பக்கத்தில் அவரைப் புதிய அங்கத்தவராக எழுதினேன். மேலே சிவப்புக் கோட்டுக்குள் ஓர் ஆதம்பாவா, கீழே நீல மையில் ஓர் ஆதம்பாவா. அந்தப் பக்கங்களைப் புரட்டும்போதெல்லாம் பிஸ்மி சொல்லிக்கொள்வேன்.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு வாக்குக் கேட்டு இறங்குவோம். நாங்கள் ஓர் ஒழுங்கைச் சந்துக்குள் திரும்பியதும் அங்கே கதைத்துக்கொண்டிருந்தவர்களின் குரல் நின்றுவிடும். தாய்மார் பிள்ளைகளை உள்ளே இழுப்பார்கள். தறிச் சத்தம் கேட்கிற வீட்டில் தறியும் நிற்கும். தேத்தண்ணியை எனக்குக் கையில் தருவார்கள். அவருக்கு நிலத்தில் வைத்துவிட்டு இரண்டு எட்டுப் பின்னால் போவார்கள். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவர் அவரைத் திடீரென்று கண்டு தடுமாறி, மையவாடி வாசலில் நின்று, உள்ளே அடக்கப்பட்ட கபுறாளிகளுக்குச் சொல்லுகிற ஸலாத்தை முழுதாகச் சொல்லிவிட்டார். ஆதம்பாவா காக்கா நிதானமாகப் பதில் ஸலாம் சொன்னார். அந்தப் பதிலைக் கேட்டு எனக்கும் வலைக்காரருக்கும் ஒரே நேரத்தில் மயிர் கூச்செறிந்தது.

நான் அவருக்கு ஓர் எட்டு முன்னாலேயே நடப்பேன். (தலைவர் முன்னால் போகவேண்டும் என்பது வெளியே சொன்ன காரணம்.) இடைக்கிடை திரும்பி அவருக்கு நிழல் விழுகிறதா என்று பார்த்துக்கொள்வேன். விழுந்தது. ஆனால் உச்சி சாய்ந்த நேரத்து நிழல் கட்டையாகத்தான் விழும். எனக்கு அது போதவில்லை.

ஒரு வீட்டில் மட்டும் உள்ளதைச் சொன்னார்கள். "நான் இவர்ட கத்தச் சோறு தின்டவன் தம்பி," என்றார் வீட்டுக்காரர், அவரைப் பாராமல் என்னைப் பார்த்து. "தின்டுபோட்டு எப்பிடி வோட்டுப் போடுற?" அதே விருந்தில் இரண்டாம் தரம் சோறு கேட்டவன் நான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கடற்கரையில் சங்கக் கட்டடத்துக்கு முன்னால் கூட்டம். மூன்று பக்கத்தில் எழுதிய பேச்சோடு எழும்பினேன். ஹாஜியார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பேச்சு வேணாம் தம்பி. நீ கூட்டி வந்த ஆளோட ஒருக்காத் தோணியில ஏறி, அலையத் தாண்டிப் போட்டு வா. நீ ஏறினா நாங்களும் ஏறுவம்."

ஆதம்பாவா காக்கா என் முகத்தைப் பார்த்தார். அந்த மனிதர் எதையும் அவ்வளவு ஆசையோடு பார்த்து நான் கண்டதில்லை. காய்ச்சல் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் தோணியை நிமிர்த்திவிட்டார்கள். நாங்கள் இருவரும் ஏறியதும், அவர் கைபடாத இடமாகப் பார்த்துப் பிடித்துத் தள்ளினார்கள்.

காற்றே இல்லை. அலையைத் தாண்டியதும் கரைச் சத்தம் அறுத்தாற்போல் நின்றது. திரும்பிப் பார்த்தேன். வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக ஊர் முழுக்க வரிசையாக நின்றது. ஜனாஸா தொழுகைக்கு ஸப்பு நிற்பதுபோலவே இருந்தது. யாருடைய ஜனாஸா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

அவர் துடுப்பை நிறுத்தினார். தண்ணீரைக் குனிந்து பார்த்தார்.

"இந்த எடத்துலதான் அவங்க ரெண்டு பேரும்," என்றார்.

பிறகு தாழ்ந்த குரலில் தண்ணீருக்கு ஸலாம் சொன்னார். சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்துப் பதிலுக்குக் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன், வேறென்ன செய்ய? தோணியின் அடிப்பலகையில், என் காலுக்கு நேர் கீழே, யாரோ விரலால் தட்டுவதுபோல் இரண்டு தரம் சத்தம் கேட்டது. (வெயிலில் கிடந்து காய்ந்த பலகை, தண்ணீர் பட்டுச் சத்தம் போட்டிருக்கும் என்று பிற்காலத்தில் நானே விளக்கம் கண்டுபிடித்தேன். அன்றைக்கு விளக்கம் வரவில்லை.) அவர் மெல்லத் தலையாட்டினார்.

"கேட்டியா?" என்றார்.

நான் பாய்ந்துவிட்டேன்.

நீந்தத் தெரியாது என்பது பாய்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. இடுப்பில் கட்டியிருந்த சாரன் காலைச் சுற்றிக்கொண்டது. மேல் தண்ணீர் சூடு, கீழே கபுறுக்குழி மாதிரிக் குளிர். கண்ணைத் திறந்தால் பச்சை இருட்டு. அப்போது ஒரு கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. அந்த இருவரில் யாரோ ஒருவர்தான் என்று முடிவுசெய்து சாகும்போது சொல்லுகிற கலிமாவை ஆரம்பித்தேன். பாதியில் என் தலை வெளியே வந்தது. ஒரு கையால் தோணியையும் மறுகையால் என்னையும் பிடித்தபடி ஆதம்பாவா காக்கா தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தார்.

"பயப்படாத மனே. நான் புடிச்சிரிக்கன்."

அந்தக் கை சுட்டது. துடுப்புப் பிடித்துக் காய்த்து, இரத்தம் ஓடுகிற, சாதாரணமான மனிதக் கை. இவ்வளவு நாளும் அவரோடு வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒரு நாளாவது ஸலாம் சொல்லிக் கை கொடுத்ததில்லை என்பது அந்தத் தண்ணீருக்குள்தான் உறைத்தது. உயிர் போகிற பயத்திலும் எனக்கு வெட்கமாக இருந்தது. கரையைப் பார்த்துக் கத்தினேன்.

"கை சூடா இரிக்கி! கை சூடா இரிக்கி!"

என் தேர்தல் காலத்தில் மக்களிடம் எடுபட்ட ஒரே பேச்சு அதுதான். கரை சேரும்போது சாரனைக் கடல் வைத்துக்கொண்டது. யாரோ அவசரத்தில் என்மேல் ஒரு வலையை எடுத்துப் போர்த்தினார்கள். வலை எதை மறைக்கும்? ஆனால் என்னைப் பார்க்க அங்கே ஆள் இருக்கவில்லை. ஹாஜியார் நேரே ஆதம்பாவா காக்காவிடம் போய் இரண்டு கையையும் நீட்டி அவர் கையைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. "ஓம், சூடுதான்," என்றார் பின்னால் திரும்பி. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள், பெருநாள் தொழுகை முடிந்து கை கொடுப்பதுபோல. கத்தச் சோறு தின்றவரும் வந்தார், வலைக்காரரும் வந்தார். ஆதம்பாவா காக்கா குழந்தை மாதிரி அழுதார். வலைக்குள் நின்று நானும் அழுதேன்.

தலைவருக்கு வாக்கெடுத்தார்கள். எனக்கு மூன்று கை உயர்ந்தது. ஒன்று என்னுடையது. ஒன்று ஆதம்பாவா காக்காவினுடையது. மூன்றாவது என் மச்சானுடையது, அவன் தலை சொறிந்துகொண்டிருந்தான் என்று பிற்பாடு மறுத்துவிட்டான். உப தலைவருக்கு ஆதம்பாவா காக்காவின் பெயரைச் சொன்னதும் உயராத கை இருக்கவில்லை. நானும் உயர்த்தினேன், ஒரு கையை மட்டும், மற்றக் கை வலையைப் பிடித்திருந்தபடியால். மறுநாள் விடியற்காலை சுபஹு தொழுகைக்குப் பிறகு அவருடைய தோணியில் ஏற நாலு பேர் முண்டியடித்தார்களாம். காய்ச்சலோடு படுத்திருந்த எனக்கு உம்மா வந்து சொன்னார்.

இப்போது என் மகளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். தொலைக்காட்சியில் எந்த நாட்டு வேட்பாளராவது தன் துணையை மேடைக்குக் கூப்பிட்டு, இருவருமாகக் கையைக் கோத்து உயர்த்தினால், வேலையை விட்டுவிட்டு வந்து பார்ப்பாள்.

"வாப்பா, இவர் வெல்லுவார்," என்பாள். "கூட்டி வந்தவர்ட கைய முதல்லயே புடிச்சிப் பாத்திட்டார்."