குடிப்பது கார்தான், மாப்பிள்ளை அல்ல

ஓடைப்பட்டி,
வெள்ளிக்கிழமை காலை.

மார்க்கையன்கோட்டையில் இருக்கும் மதிப்புக்குரிய விஜயகுமார் அவர்களுக்கு, ஓடைப்பட்டி மொக்கைச்சாமி எழுதிக்கொண்டது.

சம்பந்தி என்று எழுதத்தான் கை போனது. புதன்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த நீங்கள் இலை போட்ட பிறகும் கை நனைக்காமல் எழுந்து போனீர்கள். அதற்குப் பிறகு அந்த வார்த்தையை எழுத எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை, ஆகவே பெயரோடு நிறுத்திக்கொண்டேன். இங்கே நான், என் வீட்டுக்காரி பவுனு, மகன் விஷால், இரண்டு பசுமாடு எல்லோரும் சுகம். திராட்சைப் பந்தலில் கொத்து நன்றாக இறங்கியிருக்கிறது. அங்கே நீங்களும் தங்கச்சியும், பூனாவில் வேலை பார்க்கும் உங்கள் மகள் திரிஷாவும் சுகமாக இருக்க வீரபாண்டி கௌமாரியம்மனை வேண்டுகிறேன். பதினோரு தடவை போன் போட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. கடிதத்தை யாராலும் கட் பண்ண முடியாது என்பதால் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகன் விஷால் குடிக்கமாட்டான். குடிப்பது அவனுடைய கார்.

தேனியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பையன், இருக்கிற வண்டிகளை ரிப்பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஐப்பசியில் ஒரு பழைய வெளிநாட்டு ரேஸ் காரை வாங்கிவந்து எங்கள் திராட்சை பேக்கிங் கொட்டகையில் நிறுத்தினான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த காரை ஏன்டா பிரிக்கிறாய் என்று கேட்டேன். "பெட்ரோல்ல எல்லாரும்தான் ஓட்டுறாகப்பா. நான் எத்தனால்ல ஓட்டப் போறேன். இஞ்சினு சூடேறாது, பவரு கூடும்" என்றான். கரும்பிலிருந்தும் சோளத்திலிருந்தும் எடுக்கிற சமாச்சாரமாம், பங்கில் நாம் போடும் பெட்ரோலிலேயே கொஞ்சம் கலந்துதான் வருகிறதாம். இவன் அதைத் தலைகீழாக்கி, எத்தனாலை ஊற்றிக் கொஞ்சம் பெட்ரோலைக் கலந்து, பங்குனியில் கோயம்புத்தூர் டிராக்கில் ஓட்டப் போகிறானாம். அதற்காகப் பெரிய பம்பு, பெரிய இன்ஜெக்டர், புதுக் குழாய் என்று ஒவ்வொன்றாக மாற்றினான். அது போதாதென்று காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் எவ்வளவு ஊற்றுவது, எப்போது நெருப்பு வைப்பது என்று புதிதாகப் பாடம் நடத்த வேண்டுமாம்.

இந்த இடத்தில்தான் சனியன் வீட்டுக்குள் வந்தது. பாடம் நடத்துவது விஷால் இல்லை. பூனாவில் உட்கார்ந்திருக்கும் யாரோ வி.டி. சார் என்று ஒரு ஆள். காலையில் ஒரு போன், சாயந்திரம் ஒரு போன். நான் கூப்பிட்டால் காதில் விழாதவன், வி.டி. சார் கூப்பிட்டால் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டுப் பந்தலுக்குள் ஓடுகிறான், அரைமணி நேரம் கழித்துச் சிரித்த முகத்தோடு வருகிறான். அந்த ஆள் "இன்னும் ஊத்து" என்றால் இவன் ஊற்றுகிறான், "கழட்டு" என்றால் கழற்றுகிறான். தாலி கட்டிய பெண்டாட்டி பேச்சைக்கூட இந்தக் காலத்தில் எவனும் இப்படிக் கேட்பதில்லை. ஊரான் வீட்டுப் பிள்ளையை இப்படிப் பேயாட்டம் ஆட்டிவைக்கிற அந்த வி.டி.யை எந்த வீட்டில் வளர்த்தார்களோ, என்ன புத்தி சொல்லி வளர்த்தார்களோ தெரியவில்லை. அந்த ஆளைப் பெற்றவர் மட்டும் என் கையில் கிடைக்கட்டும், நடுரோட்டில் நிறுத்தி நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டேன்.

எத்தனாலைக் கோயம்புத்தூர்ப் பக்கம் போய் மூன்று நீலக் கேனில் வாங்கினான். பவுனு பார்த்துவிட்டு, "ஏலே, ரெண்டு கேனுக்கு மேல இந்த வீட்டுக்குள்ள வந்துச்சு, நான் வெளிய போயிருவேன்" என்று சொல்லிவிட்டாள். மூன்றாவது எங்கேடா என்று கேட்டேன். "பத்திரமான எடத்துல இருக்குப்பா" என்றான், அதோடு விட்டுவிட்டேன். மருந்தடிக்க வரும் ஆட்கள் தண்ணீர் என்று நினைத்து எடுத்துவிடக் கூடாதே என்று ஒரு பொறுப்பு வந்து, இங்கிலீஷ் வேண்டாம், தமிழிலேயே எழுதுவோம் என்று அகராதியைப் பார்த்து, இரண்டு கேனிலும் கொட்டை எழுத்தில் 'எரிசாராயம்' என்று எழுதிவைத்தான். அவன் தமிழில் இருபத்தெட்டு மார்க் வாங்கியவன், இந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியிருக்கிறான். 'எரி' என்பதை யாரும் வாசிக்கவில்லை. மறுநாள் கொத்து வெட்ட ஏழு பேர் வரவேண்டிய இடத்தில் பத்தொன்பது பேர் வந்தார்கள். மாரிசெல்வம் என்பவன் கையோடு டம்ளரும் கொண்டுவந்திருந்தான்.

புதன்கிழமை நடந்ததற்கு வருகிறேன். நீங்கள் சாராயக் கடையை எடுக்கச் சொல்லி மனு கொடுத்து, ஊரைத் திரட்டி, எடுக்கவும் வைத்தவர் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அன்றைக்கு வெற்றிலை பாக்கைக்கூடக் கண்ணில் படாமல் வைத்தேன். இலை போட்டாயிற்று. கை கழுவக் கொல்லைப் பக்கம் போன நீங்கள் திரும்பி வந்தபோது முகம் சரியில்லை. என் பக்கத்தில் வந்து, "கொட்டகையில பாத்தேன் மச்சான். எப்பருந்து இது?" என்று மெதுவாகக் கேட்டீர்கள். கொட்டகையில் காரும் இருந்தது, கேனும் இருந்தது. நீங்கள் கேனைப் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள், நான் காரை நினைத்துப் பதில் சொன்னேன்.

"மூணு மாசமா மச்சான். மொதல்ல கொஞ்சமாத்தான் கலந்து ஊத்துனான். இருவது, நாப்பதுன்னு ஏத்தி இப்ப எம்பத்தஞ்சுல நிக்குது."

"வீட்டுல யாரும் கண்டிக்கலையா?"

"எதுக்குக் கண்டிக்கணும்? நானே ரெண்டு தடவ ஊத்திக் குடுத்தேன்."

அப்போது ரசத்தோடு வந்த பவுனு சும்மா போயிருக்கலாம். "காலைலதாண்ணே சீரழிவு. இந்தத் தை மாசக் குளிருல எந்திரிக்கவே மாட்டேங்குது. நாலு பேரு தள்ளிப் பாத்துட்டு, கடைசில ஒரு மொடக்கு பெட்ரோல் ஊத்துனாத்தான் முழிக்குது" என்றாள்.

"பெட்ரோலா! ஒடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டீர்கள்.

"பாடி ஸ்ட்ராங்கு மச்சான். உள்ள கொழாய்தான் அரிச்சுப்போச்சு, வேற மாத்தியாச்சு" என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

நம் பக்கம் பெற்ற பிள்ளையையும் 'அது' என்போம், காரையும் 'அது' என்போம். அந்த ஒரு 'அது'தான் என் குடியைக் கெடுத்தது. நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எங்க வீட்டுப் படியில இந்த வாடை ஏறுனதில்ல மச்சான்" என்று சொல்லிவிட்டு நடந்தீர்கள். விளக்கம் சொல்ல உங்கள் பின்னால் ஓடிவந்தேன். அதே நேரத்தில் அந்தப் பாவி வி.டி. பூனாவிலிருந்து "ஸ்டார்ட் பண்ணு" என்று சொல்லியிருக்க வேண்டும். கார் உறுமியது, வாடை வாசல் வரைக்கும் வந்தது, நீங்கள் மூக்கைப் பொத்தினீர்கள். பவுனு உங்களுக்கென்று வைத்த பாயசத்தை இன்றுவரை யாருக்கும் ஊற்றவில்லை.

ஆதாரம் இல்லாமல் பேசக் கூடாது என்று நேற்று விஷாலை அதே காரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து சின்னமனூர் ரோட்டுக்குப் போனேன். வண்டிச் சோதனையில் நின்ற ஏட்டையாவிடம், என் மகனை ஊதச் சொல்லிச் சீட்டுக் கொடுங்கள் என்று கேட்டேன். "நாங்க கூப்புட்டா ஓடுவானுக, நீங்க கூட்டிக்கிட்டு வந்து ஊத வக்கிறீக" என்று அவர் சிரித்தார். விஷால் ஊதினான், சுத்தப் பூஜ்யம். அந்தச் சீட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். வந்ததற்கு நீங்களும் ஊதுங்கள் என்று என்னிடம் மெஷினை நீட்டினார். காலையில் கேனிலிருந்து டேங்குக்கு மாற்றும்போது டியூப்பை வாயில் வைத்து உறிஞ்சி, ஒரு வாய் ஏறி, துப்பியிருந்தேன். மெஷின் கத்தியது. அந்தச் சீட்டை இணைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கார் போன போக்கு இருக்கிறதே, திராட்சைத் தோட்டமெல்லாம் பின்னால் ஓட, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு "இன்னும் போடா" என்று கத்தியிருக்கிறேன். அறுபது வயதில் எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் வயிறு வெடித்துவிடும், அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

என் மகன் யோக்கியன். தரகர் பேச்சிமுத்து ஜாதகத்தைக் கொண்டுவருவதற்கு முன்னால் உங்கள் மகள் என்று ஒரு பிள்ளை இருப்பதே அவனுக்குத் தெரியாது. அவன் போனில் அந்தப் பிள்ளையின் நம்பர்கூடக் கிடையாது. இந்தச் சம்பந்தம் தட்டிப்போனால் எங்களுக்கு ஆறவே ஆறாது. ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியோடு வந்து எங்கள் வீட்டில் கை நனைக்க வேண்டும். காரைத் தார்ப்பாய் போட்டு மூடி, கேன்களைத் தோட்டத்து மோட்டார் ரூமில் பூட்டிவிடுகிறேன். தங்கச்சிக்கு என் அன்பையும், மகள் திரிஷாவுக்கு எங்கள் இருவரின் ஆசீர்வாதத்தையும் சொல்லவும். உங்கள் வயலும் வீடும் நிறைந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
சம்பந்தியாகும் ஆசையை இன்னும் விடாத
மொக்கைச்சாமி

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்னால் விஷாலிடம் வாசிக்கக் கொடுத்தேன். வி.டி. சாரைப் பற்றிய இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவன், நம்பர்கூடக் கிடையாது என்ற இடத்தில் தண்ணீர் கேட்டான். பிறகுதான் வாயைத் திறந்தான். வி.டி. என்றால் வி. திரிஷாவாம். பூனாவில் பார்ப்பதும் இந்தக் கார் கம்ப்யூட்டர் வேலைதானாம். இரண்டு வருஷமாகப் பழக்கமாம். பேச்சிமுத்துவிடம் ஜாதகத்தைக் கொடுத்து இரண்டு வீட்டுக்கும் அனுப்பியதே இவர்கள்தானாம். ஆகவே வி.டி.யைப் பெற்றவரைப் பற்றி மேலே எழுதியதைப் பேனாவால் அடித்துவிட்டு வாசிக்கவும். அந்த நாலு வார்த்தையை நான் கேட்கவில்லை, வேண்டுமானால் நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளலாம். என் மருமகள் காருக்கு நடத்திய பாடம் அருமையான பாடம். அப்புறம், அந்த மூன்றாவது கேன். பொங்கல் லீவில் வந்தபோது அந்தப் பிள்ளை அதை ஸ்கூட்டியில் கொண்டுபோய், பினாயில் என்று எழுதி உங்கள் வீட்டில்தான் வைத்திருக்கிறதாம். நீங்கள் சொன்னது சரிதான், அந்த வாடை உங்கள் வீட்டுப் படி ஏறவில்லை, படிக்கு அடியில் இருக்கிறது. தரை துடைக்க எடுத்துவிடாமல், மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து ஞாயிற்றுக்கிழமை வரும்போது எடுத்து வாருங்கள் சம்பந்தி, இங்கே தீர்ந்துவிட்டது.