டிராகன் குகையில் ஒரு பார்லர்

நான் நாவல் எழுத முடிவெடுத்தது இலக்கியத்தின் மேலிருந்த காதலால் அல்ல. நிலவறையின் மேலிருந்த காதலால்.

விஸ்கான்சினில் எங்கள் ஊர்ப் பக்கம் குளிர் வந்தால் ஏரியே உறைந்து கிடக்கும். அந்த மாதங்களில் ஆண்பிள்ளைக்குக் கடைசிக் கோட்டை, வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறைதான். மாடி மனைவிக்கு. கூடம் மனைவியின் விருந்தாளிகளுக்கு. கார் கொட்டகை அவளுடைய காருக்கு. என் வண்டி வெளியே பனி சுமந்துகொண்டு நிற்கும். எனக்கென்று மிஞ்சியது கீழே கொதிகலனுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, சில நாற்காலிகள், கொஞ்சம் ஈர வாடை. அங்கே நான் சக்கரவர்த்தி.

வாரநாட்களில் நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுநர். சனிக்கிழமை மத்தியானமானால் நடத்துனர். பஸ்ஸில் இல்லை, 'சாம்பல் ராஜ்யம்' என்கிற ஆட்டத்தில். மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு ஒருவன் வாள்வீரன், ஒருவன் திருடன் என்று வேஷம் கட்டுவார்கள். வேஷமெல்லாம் வாயில்தான். வீரன் வாளை வீசுகிறேன் என்பான். பட்டதா, படவில்லையா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். குகை, மழை, பூதம், டிராகன் எல்லாவற்றுக்கும் நடத்துனர்தான் குரல் கொடுக்க வேண்டும். பஸ் நடத்துனர் கதைதான். ஏறினவர்கள் எல்லாரும் எங்காவது போய்ச் சேர்ந்துவிடுவார்கள். நடத்துனர் மட்டும் நின்றுகொண்டே இருப்பான்.

அது எண்பத்தாறாம் வருஷம். இந்த ஆட்டம் ஆடினால் பிசாசு பிடிக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உலவியது. எங்கள் மேஜைக்கு அந்தப் பயம் இல்லை. லூத்தரன் சர்ச்சுப் பாதிரியார் ஸ்டென்ஸ்ருட்டே வாரம் தவறாமல் வந்து ஆடினார். அவருக்குத் திருடன் வேஷம். வாரம் முழுக்க யோக்கியராக இருக்கிற மனுஷனுக்கு ஒரு மத்தியானமாவது ஓய்வு வேண்டாமா? வாள்வீரன் வேஷம், குழாய் ரிப்பேர் செய்யும் லாயிடுக்கு. மந்திரவாதி, ஊர்ப் பல் டாக்டர்.

என் மனைவி ஆர்டிஸ் முடி அலங்காரம் செய்பவள். அவள் கையில் தலையைக் கொடுக்காத பெண் ஊரில் கிடையாது. ஆனால் பார்லர் இன்னொருத்தியுடையது. கிறிஸ்துமஸ் கழிந்த கையோடு ஆர்டிஸ் கீழே இறங்கி வந்தாள். நிலவறையை ஒரு சுற்றுச் சுற்றினாள். தண்ணீர்க் குழாயைத் தட்டிப் பார்த்தாள். வெளியிலிருந்து நேராக உள்ளே வரும் பின்கதவைத் திறந்து மூடினாள்.

"இங்க ரெண்டு நாற்காலி போட்டா ஒரு பார்லர் நடத்தலாம், வெர்னன். அடுத்தவ கடையில நின்னு நின்னு என் கால் நரம்பெல்லாம் சுருண்டு போச்சு. நிக்கிறதுதான் நிக்கிறேன், சொந்த நாற்காலிக்குப் பின்னால நிக்கலாம்ல?"

நியாயமான பேச்சு. அநியாயமாகப் பேசினால் பதில் சொல்லிவிடலாம். நியாயத்துக்குப் பதில் கிடையாது, ஒத்திப்போடத்தான் முடியும். வசந்தம் வரட்டும் என்றேன். வசந்தம் வந்தது. அந்த ஒரு விஷயத்தில் இயற்கைக்குக் கொஞ்சமும் இங்கிதம் கிடையாது.

அப்போதுதான் எனக்கு விடிவு பிறந்தது. எங்கள் ஆட்டத்தை அச்சடித்து விற்கும் கம்பெனி ஏரிக்கு அக்கரையில்தான் இருந்தது. சாம்பல் ராஜ்யத்தில் நடக்கும் சாகச நாவல்களை வெளியிடப் போகிறோம், எழுதத் தெரிந்தவர்கள் கதைச்சுருக்கம் அனுப்பலாம் என்று அவர்கள் அறிவித்தார்கள். எழுதத் தெரியாவிட்டாலும் அனுப்பினேன். கொஞ்ச நாளில் கோரின் என்கிற பதிப்பாசிரியை தொலைபேசியில் கூப்பிட்டாள். கதை பரவாயில்லை என்றாள். ஆனால் ஆடிப் பார்க்காத கதையை அவர்கள் அச்சடிப்பதில்லையாம். ஒரு சனிக்கிழமை நேரில் வருவாளாம். மேஜையில் மூன்று பேராவது அந்தக் கதைக்குள் இறங்கி ஆட வேண்டும். கதை தாக்குப்பிடித்தால் ஒப்பந்தம்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சமையலறைக்குப் போனேன். ஆர்டிஸ் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"நிலவறை இப்போதைக்குக் கிடைக்காது, ஆர்டிஸ். நாவலுக்கு வேணும்."

"நாவலுக்குப் பென்சில்தானே வேணும்?"

"சூழ்நிலைன்னு ஒண்ணு இருக்கு. டிராகன் குகையை எழுதுறவன் குகையில உட்கார்ந்தாத்தான் எழுத்துல உயிர் வரும்."

"அப்படின்னா பஸ் டிரைவரைப் பத்தி எழுதேன். பஸ்லயே உட்கார்ந்துக்கலாம்."

"இது காவியம்."

"எப்ப முடியும்?"

"காவியத்துக்குக் கெடு வைக்க முடியுமா?"

அவள் கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். "சரி," என்றாள்.

மனைவி 'சரி' என்று சொன்னதும் சண்டை முடிந்துவிட்டதாக நினைப்பவன் பிரம்மச்சாரி. எனக்குக் கல்யாணமாகி மகளும் காலேஜுக்குப் போய்விட்டாள். ஆனாலும் அன்று நான் பிரம்மச்சாரியைப் போலத்தான் விசில் அடித்துக்கொண்டு படியிறங்கினேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாயகன் வார்னோர். அகன்ற தோள், ஆழ்ந்த குரல், அப்படியே என் சாயல். தலையில் முடி மட்டும் கூடுதல். அவனுக்கு எதிரி சிட்ரா என்கிற பெண் டிராகன். ஒரு குகையில் உட்கார்ந்துகொண்டு சாம்பல் ராஜ்யம் முழுவதற்கும் உத்தரவு போடுவாள். காலைத் துடைக்காமல் குகைக்குள் நுழைந்த வீரர்களை நின்ற நிலையில் சுட்டுத் தின்பாள். அவளுக்கு ஒரே ஒரு நல்ல குணம் வைத்திருந்தேன்: கொடுத்த வாக்கைத் தவறமாட்டாள். கெட்டவளுக்கும் ஒரு நல்லது இருந்தால்தான் இலக்கியமாம்.

சிட்ரா என்ற பெயர் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். ஆர்டிஸ் என்று எங்கள் இங்கிலீஷ் எழுத்தில் எழுதி, கடைசியிலிருந்து படித்துப் பாருங்கள். மனைவியிடம் நேரில் சொல்ல முடியாததை டிராகனிடம் சொல்லலாம் என்பதுதான் நாவல் கலையின் மகத்துவம். நான் எழுதியதில் ஆர்டிஸ் ஒரு வரிகூடப் படித்ததில்லை. அதனால் என் துணிச்சலுக்கு அளவே இல்லாமல் போயிற்று.

கோரின் வரவேண்டிய சனிக்கிழமையும் வந்தது. அன்று காலையில் பல் டாக்டர் ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். ஊரில் அத்தனை பேர் பல்லைப் பிடுங்கியவர், அன்றைக்கு என் உயிரையும் பிடுங்கினார். மூன்று பேர் வேண்டிய இடத்தில் லாயிடும் பாதிரியாரும்தான் இருந்தார்கள். கோரின் வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாமா என்று பையை எடுத்தாள். அந்த நேரம் பார்த்து ஆர்டிஸ் சீஸ் போட்டுச் சுட்ட மக்ரோனியோடு படியிறங்கி வந்தாள். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, ஆள் குறைகிறதென்றால் நான் உட்காருகிறேனே, எனக்குத்தான் ஒன்றும் தெரியாது என்றாள். கோரினுக்கு ஒரே சந்தோஷம். ஒன்றும் தெரியாதவர்கள் ஆடினால்தான் கதையின் பலம் தெரியுமாம்.

என்ன வேஷம் வேண்டும் என்று கேட்டேன். மந்திரவாதி காலியாக இருப்பதைச் சொன்னேன். வேண்டாமாம். முடி திருத்துகிறவள் வேஷம் போதுமாம்.

"அப்படி ஒரு வேஷமே கிடையாது," என்றேன்.

"அந்த ராஜ்யத்துல யாருக்கும் முடி வளராதா?" என்றாள் ஆர்டிஸ்.

விதிப்புத்தகத்தைப் புரட்டிய கோரின், கூடாது என்று எங்கும் எழுதவில்லை என்றாள். வீரனுக்கு வாள், திருடனுக்குக் குத்துவாள், என் மனைவிக்குக் கத்தரிக்கோலும் சீப்பும் ஒரு வாளி வெந்நீரும்.

குகை வாசலில் ஒரு காவல் பூதத்தை நிறுத்தியிருந்தேன். ஒரு மத்தியானத்துக்குச் சண்டை போடக்கூடிய பூதம். லாயிட் வாளை உருவினான். பகடை கைகொடுக்கவில்லை, பூதம் அவனைத் தூக்கி முள்ளில் போட்டது. ஆர்டிஸ் பூதத்தைப் பார்த்து, தலைக்குக் குளித்து எத்தனை நாளாயிற்று என்று விசாரித்தாள். பூதத்துக்கு நான்தானே குரல். பிறந்ததிலிருந்து குளித்ததில்லை என்று உறுமினேன். அவள் பூதத்தைப் பாறையில் உட்கார வைத்து, பேன் எடுத்து, வெந்நீரில் தலையை அலசிவிடப் போவதாகச் சொன்னாள். பகடையை உருட்டினாள். பத்தொன்பது விழுந்தது. விதிப்படி பூதம் சொக்கிப்போக வேண்டும். சொக்கினேன். பார்லர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எதைத்தான் கொட்டாமல் இருக்கிறார்கள்? சம்பளமில்லை, லீவில்லை, அம்மாவைப் பார்த்து நாளாயிற்று என்று பூதம் ஒவ்வொன்றாகக் கொட்டிவிட்டு, கடைசியில் கதவையும் திறந்துவிட்டது. கோரின் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் பேரம் பேசத் தெரியாத பூதத்தைப் படைத்ததற்காக வருந்தினேன்.

சரி, உள்ளே டிராகன் இருக்கிறது, அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று குகையின் வரைபடத்தை மேஜையில் விரித்தேன். தலைப்பில் சிட்ராவின் குகை என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன். மூலையில் எரிமலை வாய், அதற்கெதிரே வற்றாத ஊற்று, பின்பக்கம் ரகசிய வழி. வரைபடம் நிஜமான இடம் மாதிரி இருக்கிறதே என்று கோரின் பாராட்டினாள். நாலு நல்ல வார்த்தை கேட்டால் எந்த எழுத்தாளனுக்கும் புத்தி வேலை செய்யாது.

"நிஜமான இடம்தான். எழுத்தாளன் கண்ணால பார்த்ததைத்தான் எழுதணும்," என்றேன். "குகைன்னா இதே அறைதான். எரிமலை அந்தக் கொதிகலன். ஊற்று அந்தக் குழாய். ரகசிய வழி பின்கதவு."

ஆர்டிஸ் வரைபடத்தை நிதானமாகப் பார்த்தாள். பகல் முழுக்கக் கண்ணாடியைப் பார்த்தே வேலை செய்கிறவள். எழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் அவளுக்கு நேராகத்தான் தெரியும். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சிட்ரா கர்ஜித்தாள். அதாவது நான் கர்ஜித்தேன். காலைத் துடைத்தீர்களா என்று கேட்டேன். பாதிரியார் தன்னையறியாமல் மேஜைக்கடியில் காலைத் தேய்த்துக்கொண்டார். லாயிட் மக்ரோனி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆர்டிஸ் டிராகனிடம் சண்டைக்குப் போகவில்லை. இவ்வளவு பெரிய குகையில் தனியாக என்ன செய்கிறாய் என்று அன்பாக விசாரித்தாள். ஊற்று இருக்கிற பாதியை எனக்குக் கொடு, வாராவாரம் உன் செதிலுக்கு மெருகு போடுகிறேன், நாலு பேர் வந்துபோனால் உனக்கும் பொழுது போகும் என்றாள். முடியாது என்றேன். பகடை சொல்லட்டும் என்றாள். உருட்டினாள்.

இருபது.

விதிக்கு மறுபேச்சு இல்லை. ஊற்றுப் பக்கம் உனக்கே என்று சிட்ரா வாக்குக் கொடுத்தாள். கற்பனைக் குகையில்தானே என்று எனக்கும் பெரிதாக வலிக்கவில்லை. அப்போது ஆர்டிஸ் தன் குரலில், வேஷமில்லாத குரலில் கேட்டாள்.

"வெர்னன், இந்தக் குகை யாரோடது?"

"சிட்ராவோடது."

"பாதியா, முழுசா?"

"முழுசும் அவளோடதுதான். வேற யாருக்கும் அதுல பங்கு கிடையாது."

"குகைன்னா இந்த அறைதான்னு இப்பத்தானே சொன்னே?"

"ஆமா."

அவள் வரைபடத்தைப் பாதிரியார் பக்கம் நகர்த்தினாள். "சிட்ராங்கிற பேரைக் கடைசி எழுத்துல ஆரம்பிச்சுப் படிங்க, பாஸ்டர்."

பாதிரியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பைபிள் வாசிக்கிற குரலில் ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பாவமன்னிப்புக் கொடுப்பவர்கள் பார்க்கிற பார்வை அல்ல அது.

ஆர்டிஸ் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பாதி கேட்டேன்," என்றாள் ஆர்டிஸ். "முழுசும் எனக்குத்தான்னு நீயே எழுதி வச்சிருக்கே. நான் என்ன செய்ய?"

டிராகன் என்று எழுதியதற்குக் கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் மன்னிப்புக் கேட்டுச் சமாதானமாகி, நிலவறையில் ஒரு மூலையாவது வாங்கியிருப்பேன். அவள் சிரித்துக்கொண்டே எனக்கு இன்னொரு கரண்டி மக்ரோனி வைத்தாள். சாட்சிக்கு ஒரு பாதிரியார், குழாய் வேலைக்கு ஒரு லாயிட், இரண்டு பேரும் தயாராக மேஜையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். மாதம் முடிவதற்குள் என் மேஜை இருந்த இடத்தில் தலை அலசும் தொட்டி வந்துவிட்டது. திறப்பு நாளன்று ஆர்டிஸ் தன் சொந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றபோது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. அன்று கொஞ்சம் பொறாமையாகவும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஒப்பந்தம் கிடைத்ததா என்றால், கிடைத்தது. ஒரு சின்ன மாற்றம்தான் கேட்டார்கள். வார்னோரை எடுத்துவிட வேண்டும். முடி திருத்துகிறவளும் டிராகனும் கூட்டாளிகளாகி ராஜ்யத்தையே வளைத்துப்போடுகிற கதையாக வேண்டும். வார்னோருக்காகக் கெஞ்சினேன். கடைசியில் கோரின் மனமிரங்கி, தரை கூட்டுகிறவனாக வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

புத்தகம் நன்றாகவே போயிற்று. இப்போது இரண்டாம் பாகம் எழுதுகிறேன். நிலவறையில்தான். தலை உலர்த்தும் யந்திரத்தின் அடியில் ஒரு நாற்காலி பெரும்பாலும் காலியாக இருக்கும். வாடிக்கைக்காரி யாராவது வந்தால் எழுந்து கொடுத்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. எழுதியதை அன்றன்றைக்கு வாசித்துக் காட்டச் சொல்கிறார்கள். வாசித்தால் ஆளுக்கொரு திருத்தம் சொல்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை அத்தனை பேரும் கூடிப் பேசி, வார்னோர் இனிமேல் தேவையில்லை என்று முடிவு செய்து, பதினோராம் அத்தியாயத்தில் அவனைக் கொன்றுவிட்டார்கள். எழுந்து நின்று தடுத்திருப்பேன்.

என் தலையில் சாயம் காயவில்லை.